அப்படியா அக்கா

எங்கள் நிகழ்ச்சியின் பெயர் ‘அலமாரிப் பேச்சு’. நிஜமாகவே அலமாரிக்குள் உட்கார்ந்துதான் பேசுகிறோம். படுக்கையறைச் சுவரை ஒட்டி ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு துணி அலமாரி. அதன் தட்டுகளைக் கழற்றிவிட்டு இரண்டு முக்காலி, இரண்டு மைக், ஒரு சின்ன விளக்கு வைத்திருக்கிறோம். சுற்றிலும் போர்வையும் கம்பளியும் தொங்கும். துணி எதிரொலியை உறிஞ்சிவிடுமாம். காற்றையும் சேர்த்துத்தான் உறிஞ்சுகிறது. கதவைச் சாத்தினால் என் முழங்கால் அவர் முழங்காலில் இடிக்கும். மின்விசிறிச் சத்தம் மைக்கில் விழும் என்று அறையில் ஓடுவதையும் நிறுத்திவிடுவார். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்றரை மணி நேரம் அதற்குள் வெந்துவிட்டு வெளியே வரும்போது புடவை முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கும்.

அவர் என்றால் என் வீட்டுக்காரர். விளம்பரங்களுக்குக் குரல் கொடுப்பது அவருடைய தொழில். பெயிண்ட், பனியன், பற்பசை என்று அவர் வாயால் விற்காத பொருள் இல்லை. குரலைக் குறை சொல்ல முடியாது. பஸ் நேரத்தைப் படித்தாலும் நாலு பேர் நின்று கேட்பார்கள். நிகழ்ச்சியில் புதுப்படம், பாட்டு, சீரியல், நாடகம் என்று எதையும் விடாமல் பிரித்து மேய்வார். செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு இணையத்தில் வெளிவரும். ஆறு வருடத்தில் ஒரு செவ்வாயும் தப்பியதில்லை.

அதில் என் பங்கு, “அப்படியா?”

விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அதுதான் என் பங்கு. அவர் நாலு நிமிடம் பேசுவார், மூச்சு வாங்க ஓர் இடம் வேண்டும், அங்கே நான் “அப்படியா?” என்பேன். ஆரம்பத்தில் நானும் சரிக்குச் சரியாக வாயடித்தவள்தான். முதல் வருடக் கடைசியில் யாரோ ஒரு புண்ணியவான், “சார் பேசறப்ப அக்கா ‘அப்படியா’ன்னு கேக்கறது அவ்வளவு அழகு” என்று எழுதிப் போட்டார். அதற்குக் கீழே முந்நூறு பேர் ஆமாம் போட்டார்கள். அதற்கப்புறம் என் மற்ற பேச்செல்லாம் வாரம் கொஞ்சமாக வெட்டுப்பட்டு, ‘அப்படியா’ மட்டும் மிஞ்சியது. ஊரில் எனக்குப் பெயரே ‘அப்படியா அக்கா’ என்றாகிவிட்டது.

நான் வேலை பார்ப்பது மூக்குக்கண்ணாடிக் கடையில். கண்ணைச் சோதித்து பவர் குறித்துக் கொடுப்பேன். “இதுல தெளிவா தெரியுதா, இதுலயா?” என்று லென்ஸை மாற்றி மாற்றிப் போடுவேன். எதிரே உட்கார்ந்திருப்பவர் சுவரில் இருக்கிற எழுத்தைப் படிக்காமல், “நீங்க அப்படியா அக்காதானே? ஒரே ஒரு தடவை சொல்லுங்களேன்” என்பார். சொல்லாவிட்டால் திமிர் பிடித்தவள் என்று போய்ச் சொல்வார்கள். சொல்லித் தொலைப்பேன்.

இதில் கேட்பவர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. அவர் பேசுவது அத்தனையும் நான் எழுதியது.

அவருக்கு விளம்பர வேலை தலைக்கு மேல். ஒரு படத்தை முழுசாக உட்கார்ந்து பார்த்து இரண்டு வருடம் இருக்கும். சனிக்கிழமை நான் பார்த்துவிட்டு வந்து சாப்பாட்டு மேசையில் பன்னிரண்டு, பதினாலு தாள் எழுதுவேன். ‘குறிப்பு’ என்று சொல்லிக்கொள்வோம். குறிப்பாவது ஒன்றாவது! எங்கே நிறுத்துவது, எங்கே குரலை இறக்குவது என்பது வரைக்கும் அதில் இருக்கும். பக்கத்தில் இருப்பதைப் பளிச்சென்று காட்டிவிட்டுத் தெருமுனையில் நடப்பதைக் கோட்டை விடுகிற படத்துக்கு ‘கிட்டப்பார்வைப் படம்’ என்று பெயர் வைத்தாரே, அது கண்ணாடிக் கடையில் எனக்குத் தோன்றியது. ‘பவர் மாத்த வேண்டிய டைரக்டர்’ என்பதும் அப்படித்தான். இப்போது பத்திரிகைக்காரர்களே அதை எடுத்து எழுதுகிறார்கள், அவர் பெயரைப் போட்டு.

தாள் சரசரத்தால் மைக்கில் விழும். அதனால் ஒவ்வொரு தாளையும் படித்து முடித்ததும் அலுங்காமல் கீழே நழுவ விடுவார். பதிவு முடிந்ததும் அதைக் கூட்டி அள்ளிக் குப்பையில் போடுவதும் நான்தான். இதில் எனக்கு வருத்தமே இல்லை என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். என் வாக்கியம் அந்தக் குரலில் வரும்போது எனக்கே புல்லரிக்கும். அதை மறைப்பானேன்?

போன மாதம் ஒரு நாடகத்துக்குப் போனேன். மரச்சாமான் கடையின் மாடியில் ஒரு கூடம். ஐந்து பெண்கள் சேர்ந்து போடுகிற நாடகம், துணிக்கடையில் விற்பனைக்கு நிற்கும் பெண்களைப் பற்றியது. கடையில் அவர்கள் நாள் முழுக்க உட்காரக் கூடாது என்று முதலாளி உத்தரவு. பார்க்க வந்தவர்களுக்கும் நாற்காலி கிடையாது. கீழே கடை நிறைய நாற்காலி, மேலே உட்கார ஒன்றில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. நானும் காலையிலிருந்து கால் கடுக்க நின்றுவிட்டு வந்தவள்தான்.

அரை மணியில் எல்லாரும் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற ஆரம்பித்தோம். அப்போது கவனித்தேன், நடிக்கிற பெண்களும் அப்படியே மாறிக்கொண்டிருந்தார்கள். முகத்தில் சிரிப்பு மாறவில்லை, “வேற கலர் காட்டட்டுமா மேடம்?” என்று கேட்பது நிற்கவில்லை. ஓர் இடத்தில் ஒரு பெண்ணின் கையிலிருந்து குண்டூசி தவறி விழுகிறது. குந்தி உட்கார்ந்து தேடுகிறாள். ஊசி கிடைத்துவிட்டது, அவள் விரலிடுக்கில் இருப்பது நமக்குத் தெரிகிறது. ஆனாலும் தேடிக்கொண்டே இருக்கிறாள். எழுந்தால் நிற்க வேண்டுமே. எனக்கு அழுகை வந்துவிட்டது.

முடிந்ததும், அதை எழுதி நடத்துகிற பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டேன். முப்பது வயதிருக்கும், கழுத்தில் அளவு நாடாவோடு நின்றாள். நான் வாயைத் திறந்ததும் குரலை வைத்துக் கண்டுபிடித்துவிட்டாள்.

“அக்கா, நீங்களா! நிகழ்ச்சியில ஒரு வார்த்தை சொல்லுவீங்களா? ஆள் வரலைன்னா அடுத்த மாசத்தோட இந்த மாடியை கோடவுன் ஆக்கிடுவேன்னு கடைக்காரர் சொல்லிட்டாரு. எங்களுக்கு வேற இடம் கிடையாது.”

“சொல்றேன்மா. அவர் இல்ல, நானே பேசறேன். செவ்வாய்க்கிழமை கேளு.”

வாக்குக் கொடுத்தாயிற்று. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அவரிடம் எப்படிச் சண்டை போடுவது என்றே ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன்.

“ஏங்க, இந்த வாரம் நான் பேசறேன். நீங்க அப்படியா சொல்லுங்க.”

“அதுக்கென்ன, தாராளமா பேசு. என் தொண்டைக்கும் ஓய்வு” என்றார்.

வரிந்துகட்டிக்கொண்டு போனவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அலமாரிக்குள் போய்த் தாளே இல்லாமல் நாற்பது நிமிடம் பேசினேன். அந்த ஊசியைப் பற்றி மட்டுமே ஆறு நிமிடம் பேசியிருப்பேன். அவர் அங்கங்கே “அப்படியா?” என்றார். உயிரே இல்லை. அதைச் சொல்வதற்கும் ஒரு திறமை வேண்டும் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. கதவைத் திறந்ததும், “நல்லா பேசினே” என்று என் தலையைத் தொட்டுவிட்டுப் போனார். அன்றைக்கு வேர்வைகூட எனக்கு உறைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை கடையைத் திறந்து, கண்ணாடிப் பெட்டிகளைத் துடைத்துக்கொண்டே காதில் மாட்டிக்கொண்டேன்.

அவர் குரல்தான் வந்தது. “இந்த வாரம் எங்க வீட்டம்மா ஒரு நாடகத்துக்குப் போயிட்டு நொண்டிக்கிட்டே வந்தாங்க.” உடனே என் குரல்: “கால் வலி தாங்கல.” நான் சொன்னது, ‘கால் வலி தாங்கல, ஆனா அந்த வலியை வெச்சுத்தான் இந்த நாடகமே நம்மகிட்ட பேசுது’ என்று. முதல் மூன்று வார்த்தையோடு நறுக்கென்று வெட்டு. “நாற்காலி வாடகையை மிச்சம் பிடிக்க இதைவிட நல்ல யோசனை கிடையாது” என்றார் அவர். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஒரு ராஜா படத்தில் சண்டைக்கு நடுவே ராஜாவின் ஒட்டுத்தாடி உரிந்து தொங்கியதே, அதற்குச் சிரித்தது. அப்புறம் ஊசிக் காட்சி வந்தது. “கையில இருக்கற ஊசியையே தேடறாங்க. யாராவது கண்ணாடி வாங்கிக் குடுங்கப்பா.” அதற்கும் நான், “அப்படியா?” மொத்தம் பதினொரு இடத்தில் கேட்டிருந்தேன். கடைக்குள் துடைத்த கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் நாத்தனார் போன் செய்தாள். “அண்ணி, இந்த வாரம் உங்க சிரிப்பு பிரமாதம்” என்றாள்.

சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் அவர் முன்னால் போய் நின்றேன்.

“நான் பேசினதெல்லாம் எங்கங்க?”

“முதல்ல அப்படியேதான்மா வெச்சுப் பார்த்தேன். தங்கச்சிக்கு அனுப்பிக் கேட்டேன். ‘அண்ணிக்கு என்ன ஆச்சு, உடம்பு சரியில்லையா’ன்னு கேக்கறா. ரெண்டாவது நிமிஷத்துலயே எல்லாரும் எழுந்து போயிடுவாங்க.”

“நான் அந்தப் பொண்ணுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்.”

“நல்லா இருக்குன்னு சொன்னா யாரும்மா போய்ப் பார்க்கறாங்க? கிண்டல் பண்ணினாத்தான் ‘அப்படி என்னதான் இருக்கு’ன்னு கிளம்புவாங்க. அந்தப் பொண்ணுக்கு நல்லதுதான் பண்ணியிருக்கேன்.”

மனசார நம்பித்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். கெட்ட மனுஷராக இருந்திருந்தால் நாலு வார்த்தை வைதுவிட்டு ஓய்ந்திருப்பேன்.

“நான் எப்பங்க சிரிச்சேன்?”

கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். ‘அப்படியா’ என்று ஒரு ஃபோல்டர். உள்ளே ஆச்சரியம், சந்தேகம், நக்கல், வருத்தம், சும்மா என்று தனித்தனியாகப் பிரித்து நானூற்றுப் பன்னிரண்டு அப்படியா. சிரிப்பு வேறு அறுபத்தேழு. ‘சளியோடு’ என்றுகூட ஒன்று இருந்தது. குனிந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். நான் மெச்சுவதாக நினைத்துக்கொண்டார் போல.

“எவ்வளவு பாடுபட்டுப் பிரிச்சிருக்கேன் பாரு. ரெண்டு வருஷமா பாதிக்கு மேல இதுலேருந்துதான் எடுத்துப் போடறேன்.”

“அப்ப நான் எதுக்கு வாரா வாரம் உள்ள வந்து வேகணும்?”

“நீ எதிர்ல உக்காந்தாத்தான் எனக்குப் பேச்சு வருது.”

கல்யாணமான புதிதில் இதைக் கேட்டிருந்தால் உருகியிருப்பேன். இப்போது கழுத்தை நெரிக்கிற மாதிரி இருந்தது.

“நான் பேசின நாற்பது நிமிஷத்தைக் குடுங்க. நானே அந்தப் பொண்ணுகிட்ட குடுத்துக்கறேன்.”

“வெட்டினதையெல்லாம் சேர்த்து வெச்சா கம்ப்யூட்டர் தாங்குமா? அன்னிக்கே அழிச்சாச்சு.”

“இனிமே நான் உள்ள வர மாட்டேன். எழுதவும் மாட்டேன்.”

“சரிம்மா. கொஞ்ச நாள் ரெஸ்ட் எடு. இருக்கறதை வெச்சு ஓட்டிக்கறேன்” என்றார்.

ஓட்டினார். பழைய நிகழ்ச்சிகளைக் கேட்டு, போன வருடம் நான் எழுதியதையே படத்தின் பெயரை மட்டும் மாற்றிப் பேசினார். ஒருத்தருக்கும் தெரியவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை காலை நான் பஸ்ஸில் வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் போனில் நான் கலகலவென்று சிரித்துக்கொண்டிருந்தேன். அவர் என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை.

அதற்கடுத்த வாரம், விடுமுறை நாளில், மரச்சாமான் கடை மாடி ஏறினேன். ஐந்து பெண்களும் ஒத்திகையில் இருந்தார்கள். அளவு நாடாக்காரி “வாங்கக்கா” என்றாள். வாயால் மட்டும்தான்.

“ஆள் வந்தாங்கக்கா. நிறையவே வந்தாங்க. சிரிக்கறதுக்குன்னே வந்தாங்க. ஊசிக் காட்சியில ‘கண்ணாடி போட்டுத் தேடும்மா’ன்னு கத்தினாங்க. இவ அழுதுட்டா” என்று எல்லாரிலும் சின்னவளைக் காட்டினாள். “போன வாரத்துலேருந்து அதுவும் இல்ல. எட்டுப் பேர், பத்துப் பேர்.”

நடந்ததையெல்லாம் சொன்னேன். அந்தச் சிரிப்பு வேறு படத்துக்குச் சிரித்தது என்பதையும், ஃபோல்டரையும், அழித்த நாற்பது நிமிடத்தையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சரிக்கா, நம்பறேன். இப்ப என்ன பண்ணலாம்?”

“உன் போன்ல பதிவு பண்ணு. நான் இங்கயே பேசறேன். நீங்களே போடுங்க. அப்படியா அக்கா மனசு மாறிப் பேசறாங்கன்னா கேக்க ஆள் இருக்கும்ல?”

அவள் முகம் மலர்ந்துவிட்டது. துணிக்கட்டு ஒன்றின் மேல் போனைச் சாய்த்து வைத்தாள். மற்றவர்கள் சுற்றி வந்து நின்றார்கள். நான் பேசினேன். கால் வலியில் தொடங்கி ஊசிக்கு வந்து, அந்த ஊசியைத் தேடுகிற நேரம்தான் அவளுக்கு ஒரு நாளில் கிடைத்த ஒரே லீவு என்று சொல்லி நிறுத்தி, குரலை இறக்கி, இதைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள்தான் பவர் மாத்த வேண்டியவர்கள் என்று முடித்தேன். பத்து நிமிடம் இருக்கும். போர்வை இல்லாத, ஜன்னல் திறந்த அறை. ஐந்து வருடத்தில் முதல் தடவையாக என் வாக்கியம் என் வாயிலிருந்தே போய் முழுசாக வெளியே விழுந்தது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

நிமிர்ந்து பார்த்தேன். அவர்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இது சார் எழுதிக் குடுத்ததா?” என்று அளவு நாடாக்காரி கேட்டாள்.

“இல்லம்மா. நானே பேசினது.”

“அச்சு அசல் அவர் மாதிரியே இருக்கு. அந்த நிறுத்தறது, அந்த இறக்கம், அந்த ‘பவர் மாத்தணும்’. எல்லாம் சாரோடது.”

“அதெல்லாம் என்னோடது. அவருக்கு எழுதிக் குடுக்கறதே நான்தான். ஆறு வருஷமா.”

சின்னவள் சிரித்துவிட்டாள். கெட்ட சிரிப்பு இல்லை. “எங்க அம்மாவும் இதேதான் சொல்லுவாங்க, அப்பாவுக்கு எல்லாத்தையும் சொல்லித் தர்றதே நான்தான்னு.”

காட்டுவதற்கு என்னிடம் ஒரு தாள்கூட இல்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் என் கையாலேயே அள்ளிக் கொட்டியிருக்கிறேன்.

“இதைப் போட்டா, வீட்டுக்காரர் சொல்லிக் குடுத்ததை ஒப்பிச்சிட்டுப் போறாங்கன்னுதான் பேசுவாங்க” என்றாள் அளவு நாடாக்காரி. பொறுமையாகத்தான் சொன்னாள். “எங்களுக்கு அவர் பேச்சு வேண்டாம்க்கா. உங்க மனசுல பட்டதை உங்க பேச்சுல ரெண்டே வரி சொல்லுங்க. அது போதும்.”

மறுபடியும் போனைத் தட்டிவிட்டு வைத்தாள். வாயைத் திறந்தேன். முதல் வாக்கியம் வந்தது. அவர் நிறுத்துகிற இடத்தில் நிற்கத் தயாராக வந்தது. விழுங்கினேன். இன்னொன்றைத் தேடினேன், அதுவும் அப்படியே வந்தது. எனக்குத் தெரிந்த பேச்சு இது ஒன்றுதான். இதுதான் என் பேச்சு என்று கத்த வேண்டும் போல இருந்தது, அந்தக் கத்தலையும் அவர் எப்படிக் கத்துவார் என்று எனக்குத் தெரியும். அவமானத்தில் காது மடல் சுட்டது. ஐந்து பெண்களும் ஆசையோடு என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். போனில் விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. நாற்பது தாண்டியதும் அவளே கையை நீட்டி நிறுத்தினாள்.

“பரவாயில்லக்கா” என்று சொல்லி என் தோளைத் தட்டிக் கொடுத்தாள்.